காக்கை கேட்ட நஷ்டஈடு

ஆற்றங்கரையில் யாருக்கோ திவசம். பிண்டச் சோற்றுக்குக் கிளம்பிய காக்கை, இறக்கை எதற்கு வீணாக நோக வேண்டும் என்று அந்தப் பக்கம் போன எருமையின் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது. வழியில் ஒரு சேற்றுக் குட்டையைப் பார்த்ததும் எருமை இறங்கி, ஆற அமரப் புரண்டுவிட்டுத்தான் எழுந்தது. கரைக்குப் போனால் வெறும் இலைதான் கிடந்தது.

காக்கைக்கு வயிறு எரிந்தது. "உன்னாலதான் என் சோறு போச்சு. நஷ்டஈடு குடு!"

"நீ சும்மாதானே ஏறி வந்தே?" என்றது எருமை.

"அதுக்காக? தாமதம் தாமதம்தான்."

எருமைக்குச் சண்டை ஆகாது. "சரி, என்ன வேணும்?"

"திரும்பிப் போறப்ப என்னைச் சும்மா சுமந்துட்டுப் போகணும்."

"வர்றப்பவும் அப்படித்தானே சுமந்தேன்!"

காக்கை எருமையின் கொம்பில் அலகைத் தீட்டிக்கொண்டது. "வந்தது ஓசி. போறது என் உரிமை."