பெயர் கேட்காத பெட்டி

“உந்தப் பெட்டியைச் செய்தவன் மட்டும் என்ரை கையிலை அம்பிடோணும், அவனுக்கு இருக்கு!” என்று மேசையில் ஓங்கி அடித்தார் சோமசேகரம்.

மருதனார்மடச் சந்தியில் அவருடைய அச்சகத்துக்கு நல்ல பெயர். சொன்ன நேரத்துக்குக் கலியாணக் காட், அதாவது அழைப்பிதழ், கையில் கிடைக்கும். அந்தப் பெயர்தான் இன்றைக்குச் சந்தி சிரிக்கப் போகிறது. மகனின் கலியாணக் காட்டின் முதல் பிரதியை வாங்கச் சண்டிலிப்பாயிலிருந்து குணலட்சுமி வந்து நின்றார். பின்னேரப் பூசைக்கு முன் அதைப் பிள்ளையாரின் காலடியில் வைக்க வேண்டும். கணினியிலோ காட்டைக் காணவில்லை.

“என்ன பிள்ளை நடந்தது?” என்று கேட்டார் குணலட்சுமி.

தட்டச்சு செய்யும் நிவேதனாவுக்கு அழுகை முட்டியது. “சேவ் பண்ணேக்கை திரையிலை ஒரு பெட்டி வருமெல்லோ அன்ரி, சில நேரம் அது பெயர் கேக்கும். சில நேரம் கேக்காமல் முதல் வரியையே பெயராப் போட்டிடும். எங்கடை ஆக்கள் எதை அடிச்சாலும் முதல் வரி ‘சிவமயம்’தானே! நேற்று உங்கடை காட்டும் சிவமயம். இண்டைக்கு ஒராளின்ரை அந்தியேட்டி அழைப்பும் சிவமயம். பழசுக்கு மேலை புதுசு ஏறிட்டுது.”

கலியாண வீட்டாருக்கு முன்னால் சாவுச் சடங்கான அந்தியேட்டியைப் பற்றி ஏன் வாயைத் திறந்தாய் என்பது போல சோமசேகரம் அவளை முறைத்தார்.

“பழசை அழிக்கவோ எண்டு அது கேக்கேல்லையோ?”

“சில நேரம் கேக்கும் அன்ரி. இண்டைக்குக் கேக்கேல்லை.”

குணலட்சுமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திரையில் இருந்த அந்தப் பெட்டியை ஆசையோடு குனிந்து பார்த்தார்.

“வெள்ளைக்காரன் செய்த சாமான் அக்கா. எங்கடை வழக்கம் அவனுக்கென்ன தெரியும்? மூளை கெட்டவன்!” என்றார் சோமசேகரம்.

“அப்பிடிச் சொல்லாதேங்கோ தம்பி!” குணலட்சுமியின் குரல் சட்டென்று உயர்ந்தது. “உதைச் செய்யிறது லேசுப்பட்ட வேலையோ? உலகம் முழுக்க உதிலைதானே எழுதுது!”

சோமசேகரத்துக்குத் தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை. காட்டைப் பறிகொடுத்தவரே பரிந்து பேசினால் என்ன செய்வது?

“கோவிக்காதேங்கோ. திரும்ப அடிச்சுத் தாறம். நீங்கள் எழுதித் தந்த தாளைத் தேடிப் பாக்கிறன்…”

“தாள் என்னத்துக்கு? நான் சொல்லுறன், பிள்ளை அடிக்கட்டும்.”

ஓரிடத்திலும் தடுமாறாமல் சொல்லிக்கொண்டே போனார். ‘சிரேஷ்ட புத்திரன் திருநிறைச்செல்வன் செந்தூரன்’ என்ற இடம் வந்ததும் நிமிர்ந்து நின்று, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். இந்த முறை நிவேதனா பெட்டியை நம்பவில்லை. ‘செந்தூரன் கலியாணம்’ என்று தானே பெயரிட்டுச் சேவ் பண்ணினாள். பூசைக்கு நேரம் இருக்கும்போதே காட் அச்சாகி வந்தது. சோமசேகரத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

குணலட்சுமி காட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வாசலில் நின்றபடி கனடாவிலிருக்கும் மகனுக்குத் தொலைபேசி எடுத்தார்.

“செந்தூரன், நீ செய்ததெண்டு எனக்குக் காட்டின அதே பெட்டியைத்தான் ராசா மருதனார்மடத்திலையும் பாவிக்கினம், அம்மாவுக்கு எவ்வளவு பெருமை தெரியுமோ! ஆனால் சண்டிலிப்பாயிலை பிறந்த உனக்கே சிவமயம் மறந்து போச்சோ? முதல் உந்தப் பெட்டியைத் திருத்து, பிறகு வந்து தாலியைக் கட்டு!”