திரைக்கு வராத பட்டியல்

"ஒரு ஃபைலைத் திறக்க இவ்ளோ நேரமா?"

மேலாளர் இப்படிக் கேட்பது நாலாவது தடவை. கூட்ட அறையில் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே பெரிய திரை வெள்ளை வெளேரென்று இருந்தது.

"பிடிஎஃப் ரீடர் மக்கர் பண்ணுது சார். ஒரே நிமிஷம்" என்றார் கம்ப்யூட்டர்காரர்.

அந்த ஆபீஸில் பன்னிரண்டு வருஷமாக எல்லா மெஷினுக்கும் அவர்தான் வைத்தியம் பார்க்கிறார். அவருக்கே ஒரு ஃபைல் திறக்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

யாரும் நம்பவில்லை. அந்த மாதம் லேட்டாக வந்தவர்களின் பட்டியலை மேலாளர் ஸ்கேன் செய்து பென்டிரைவில் கொண்டுவந்திருந்தார். யார், எத்தனை நாள், எத்தனை நிமிஷம், எல்லாம் திரையில் வரப்போகிறது. "முதல் பேரே நம்ம கம்ப்யூட்டர்காரர்தான். நாலு நாள்" என்று மேலாளரே முன்கூட்டிச் சொல்லியும் விட்டார்.

"சார், அன்னிக்கு பஸ்ஸு..." என்று டைப்பிஸ்ட் அம்மா ஆரம்பித்தார்.

"காரணமெல்லாம் வேணாம்மா. காரணம் சொல்றவங்களைக் கண்டாலே எனக்குப் பிடிக்காது. பேரு பெருசா திரையில வந்தாத்தான் சில பேருக்கு உறைக்கும்."

ஸ்டோர்ஸ்காரர் பக்கத்து நாற்காலிப் பக்கம் சாய்ந்தார். "திறந்துச்சுய்யா. என் கண்ணால பாத்தேன். அவர் மானிட்டர்ல திறந்துச்சு, சட்டுனு மூடிட்டாரு. தன் பேரைப் பாத்ததும் ஆடிப் போயிட்டாரு போல."

"சரியான கில்லாடி."

கம்ப்யூட்டர்காரர் காதில் விழாத மாதிரி இருந்தார். "ரீடரை எடுத்துட்டு மறுபடி போட்டாத்தான் சார் சரியாகும்."

எடுத்தார். மறுபடி போட நெட் வேண்டும். நெட் வரவில்லை. மேசைக்கு அடியில் கேபிள் கழன்று கிடந்தது. அதற்குப் பக்கத்திலேயே அவருடைய கால் இருந்தது.

"பென்டிரைவைக் குடுங்க, என் மெஷின்ல பாக்கறேன்" என்று டைப்பிஸ்ட் அம்மா எழுந்தார்.

கம்ப்யூட்டர்காரர் பென்டிரைவை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "வேணாம்மா. வைரஸ் இருக்கும்போல. உங்க மெஷினும் படுத்துடும்."

"என் பென்டிரைவ்ல வைரஸா!"

அறையே கொல்லென்று சிரித்தது. மேலாளருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"பன்னிரண்டு வருஷ சர்வீஸு. ஒரு ஃபைல் திறக்க வக்கில்லை. வெக்கமா இல்ல உங்களுக்கு?"

வெட்கமாகத்தான் இருந்தது. முப்பது பேர் முன்னால் யாருக்குத்தான் இருக்காது? கம்ப்யூட்டர்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நாளைக்கு ஒன்பது மணிக்கு இதே இடம், இதே லிஸ்ட். அதுக்குள்ள சரி பண்ணலைன்னா மெமோதான்."

கூட்டம் கலைந்தது. ஸ்டோர்ஸ்காரர் போகிற போக்கில் தோளைத் தட்டினார். "சாயங்காலத்துக்குள்ள பேரை அழிச்சிடுங்கண்ணே."

கொஞ்ச நேரம் கழித்து, லேப்டாப்போடு மேலாளர் அறைக்குப் போனார் கம்ப்யூட்டர்காரர்.

"சார், கதவைச் சாத்திக்கட்டுமா?"

"கெஞ்சறதுக்கா? பேரையெல்லாம் எடுக்க முடியாது."

"இல்ல சார். ஃபைலைத் திறக்கறேன்."

பென்டிரைவைச் செருகினார். ஒரே தட்டு. திறந்துகொண்டது. லேப்டாப்பை மேலாளர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பட்டியல் இல்லை. ஒரு கடிதம். தலைமை அலுவலகத்துக்கு மேலாளர் தன் கையால் எழுதியது.

'இந்த மாதம் ஒன்பது நாள் தாமதமாக வந்ததற்கு மன்னிக்க வேண்டுகிறேன். மனைவியைக் காலையில் டயாலிசிஸுக்கு அழைத்துப்போக வேறு ஆள் இல்லை. தயவுசெய்து இந்த ஒருமுறை...'

மேலாளர் சட்டென்று லேப்டாப்பை மூடினார்.

"காலைல ரெண்டையும் அடுத்தடுத்து ஸ்கேன் பண்ணியிருக்கீங்க சார். நம்ம ஸ்கேனர் ஃபைலுக்கு வெறும் நம்பர்தான் போடும். மாத்தி எடுத்துட்டீங்க."

"முழுசாப் படிச்சீங்களா?"

"பெரிய திரைக்கு விடறதுக்கு முன்னாடி என் மானிட்டர்ல ஒரு தடவை பாக்கறது வழக்கம் சார். ஒன்பது நாள்னு இருந்துச்சு. அதோட மூடிட்டேன்."

"காதுல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க. அத்தனை பேர் முன்னாடி உங்களை நான்..."

"காதுல சொன்னா என்னமோ ஏதோன்னு எல்லாரும் எட்டிப் பாப்பாங்க சார். நீங்க திட்டினதே நல்லதாப் போச்சு. எல்லாரும் என்னையே பாத்துட்டு இருந்தாங்க."

மேலாளரால் அவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. கடைசியில் மேசையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அந்த நாலு நாள் நீங்க ஏன் லேட்டு?"

"காரணம் சொல்ல வேணாம்னீங்களே சார்."

அவர் குத்திக்காட்டவில்லை. அப்படித்தான் உத்தரவு என்று நினைத்திருந்தார்.

மறுநாள் ஒன்பது மணிக்கு முப்பது பேரும் ஆஜர். ஸ்டோர்ஸ்காரர் முன்வரிசையிலேயே இடம் பிடித்துவிட்டார். ரீடர் தயார், கேபிளும் அதனிடத்தில் இருந்தது. மேலாளரைத்தான் காணோம்.

பத்தேகாலுக்கு, கையில் ஆஸ்பத்திரி ஃபைலோடு வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார். நேராகப் போய்க் கம்ப்யூட்டர்காரர் பக்கத்தில் நின்றார்.

"நேத்து ரீடர் நல்லாத்தான் இருந்துச்சு. வைரஸும் இல்ல. இவர் திறக்காம விட்டதால என் மானம் தப்பிச்சுது."

மேலாளர் ஆஸ்பத்திரி ஃபைலை மேசைமேல் வைத்தார்.

"அந்த லிஸ்ட்ல முதல்ல இருக்க வேண்டிய பேரு என்னோடதுங்க. ஒன்பது நாள், இன்னியோட பத்து. காரணம் சொன்னாக் கேப்பீங்களா?"