நாற்பது இடது கைகள்

ஆறு வருடங்களுக்குப் பிறகு ஆள் அனுப்பும் ஏஜென்சியிலிருந்து மகுடீஸ்வரிக்கு ஒரு நாள் வேலைக்கு அழைப்பு வந்தது. கோவையில் சித்தாளாக இருந்த அவளுடைய நடையைத்தான் அப்போது படம்பிடித்து, கலவைச் சட்டி சுமக்கும் நாற்பது இயந்திரங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். அதோடு அவளுக்கு வேலை நின்றுபோனது.

ஏஜென்சி மேற்பார்வையாளன் தீபன் புதுக் கட்டடத்தின் படிக்கட்டைக் காட்டினான். தலையில் சட்டியோடு ஏறிக்கொண்டிருந்த ஒவ்வொரு இயந்திரமும் இடது கையால் தன் தகர வயிற்றைத் தாங்கிக்கொண்டிருந்தது.

"ஒத்தைக் கையில புடிக்கறதால கலவை சிந்துதுங்கக்கா. ரெண்டு கையிலயும் புடிச்சு இன்னொருக்கா ஏறிக் காட்டுங்க. உங்க நடையை நீங்கதான் திருத்த முடியும்."

மகுடீஸ்வரி சிரித்துவிட்டாள்.

"அப்ப எனக்கு அஞ்சு மாசம் தம்பி. சொன்னா வேலை குடுக்கமாட்டீங்கன்னு எங்கூட்டுக்காரரு சட்டையப் போட்டு மறைச்சுட்டேன். அந்தப் புள்ளை இப்ப ஒண்ணாவது படிக்குது."

தீபன் அவசரமாக ஒரு சட்டியை நீட்டினான். அவள் அதை வாங்கிக் கீழே வைத்தாள்.

"இப்ப எனக்கு நாலு மாசம். இன்னைக்கு ஏறினாலும் கை அங்கதான் போகும். இந்தத் தடவை மறைக்கறதா இல்லீங்க, எழுதிக்குங்க. புள்ளை பொறந்து ஒடம்பு தேறினதும் நானே சொல்லி அனுப்பறேன். அதுவரைக்கும் நாப்பதும் இப்படியே ஏறட்டும்."