அசையாத கூரை

பத்ரூன் ஊரில், கடலைப் பார்த்த வீட்டு வாசலில், துணிக்கூரையை மடித்துத் திறக்கக்கூடிய ஒரு பழைய சிவப்புக் கார் நிற்கிறது. ரந்தா டிக்கியைத் திறந்து தலையை உள்ளே விட்டிருக்கிறாள். முன்னிருக்கையில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருக்கிறான் அவள் கணவன் வஜ்தி. குளிர்காலம் முழுக்க ஆஸ்பத்திரியில் மல்லாந்து கிடந்து, நேற்றுதான் வீடு வந்தவன். கூரையைத் திறந்துவிட்டுக் கடலோரமாக ஒரு சுற்றுப் போக வேண்டும், அவ்வளவுதான் அவன் கேட்டது. பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் துணிக்கூரை அசைய மறுக்கிறது. “மெக்கானிக்கைக் கூப்பிடு. நீ பல் டாக்டர்,” என்கிறான் வஜ்தி. “சொத்தையைக் கண்டுபிடிக்கறதுதானே என் வேலை? வாயை மூடிட்டு இரு.” “பல் டாக்டர் வாயைத் திறக்கத்தானே சொல்லணும்!” அவள் சிரிப்பு டிக்கிக்குள் எதிரொலிக்கிறது. கூரையின் கீலருகே கருப்பு உறைக்குள் ஓடும் ஒயர்களை மெல்ல இழுத்துப் பார்க்கிறாள். ஒன்று அறுந்து கையோடு வருகிறது. திறந்து மூடியே தேய்ந்திருக்கிறது. முனைகளைச் சுரண்டி, முறுக்கி, டேப் சுற்றி, டிக்கியை மூடுகிறாள். “இப்ப அழுத்து, என் உசிரே.” அழுத்துகிறான். ஒன்றுமில்லை. மறுபடி அழுத்துகிறான். எங்கோ உள்ளே மோட்டார் முனகுகிறது. கூரை முன்கண்ணாடியை விட்டு எழும்பி, தயங்கி, பின்னால் மடியத் தொடங்குகிறது. வாசல் மரத்திலிருந்து அதன்மேல் உதிர்ந்து கிடந்த பாதாம் பூக்கள் அவன் தலையில் கொட்டுகின்றன. மருந்தில் கொட்டிப்போய் இப்போதுதான் பூனைமயிராய் முளைக்கும் முடிமேல். ரந்தா ஓடிவந்து தட்டிவிடக் கை நீட்டுகிறாள். “விடுடி, இருக்கட்டும்,” என்கிறான், வெயிலுக்குக் கண்ணை இடுக்கியபடி. “வண்டியை எடு.”