ஜெசிந்தாவின் பயோடேட்டா

கன்னியர் மடத்திலிருந்து விலகி வந்த ஜெசிந்தா, மகளிர் விடுதி மேலாளர் வேலைக்காக எழுதிய பயோடேட்டா மூன்றே வரியில் முடிந்துவிட்டது. ஆண்டு வரிசைப்படி எழுதினால் மடத்திலிருந்த பதினெட்டு வருடத்துக்கும் ஒரே துறவறச் சபையின் பெயர்தான். தங்க இடம் கொடுத்திருந்த தோழி அமலி தாளை வாங்கிப் பார்த்தாள்.

“வருஷத்த விடுடி. என்னென்ன செஞ்சேன்னு எழுது.”

சபை விடுதிகளில் பிள்ளைகளுக்குச் சமையல் நடத்தியது, அரிசி மண்டியில் பேரம் பேசியது, வீட்டை நினைத்து அழுதவர்களைத் தேற்றியது, அம்மை பரவியபோது தனி ஆளாகச் சமாளித்தது என்று எழுத எழுத வந்துகொண்டே இருந்தது. இதையெல்லாம் செய்தது தானா என்று அவளுக்கே மலைப்பாக இருந்தது.

நேர்காணலில் விடுதி உரிமையாளர் முழுவதையும் படித்துவிட்டு, கடைசியிலிருந்த சபையின் பெயரில் நின்றார்.

“மடத்த விட்டு ஏம்மா வந்தீங்க?”

“அது என் சொந்த விஷயம் சார். வேலையப் பத்தி என்ன வேணும்னாலும் கேளுங்க.”

அவர் அம்மை பரவிய நாட்களைப் பற்றிக் கேட்டார். அவள் சொல்லச் சொல்ல நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

“எப்ப வந்து சேர்றீங்க?”

எந்த ஊருக்கு, என்றைக்குக் கிளம்ப வேண்டும் என்பதை இதுவரை மற்றவர்கள்தான் அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஜெசிந்தா சுவரிலிருந்த காலண்டரை நிதானமாகப் பார்த்தாள்.

“புதன்கிழமை வர்றேன் சார்” என்றாள்.