மேஜர் கேட்ட ஆதரவு

பல் டாக்டரின் சாய்வு நாற்காலியில் மேஜர் மல்லாந்திருந்தார். பல்லில் அவருக்கு ஒரு கோளாறும் இல்லை. அந்த அறையில் உட்கார வேறு இடம் கிடையாது, அவ்வளவுதான்.

பட்டாளத்தில் மேஜராக இருந்தவர். பிறகு வக்கீல். இப்போது மாநிலச் சட்டசபை உறுப்பினர். தேர்தல் நெருங்கும் நேரத்தில் கொடி, கோஷம், தொண்டர் எதுவும் இல்லாமல் தனியாக வந்திருந்தார்.

"ஒரு ஓட்டுக்காகப் பல்லைக்கூடப் பிடுங்கிக்குவாரு போல" என்றார் வெளியே தாடையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த ஒருவர். பக்கத்தில் இருந்தவருக்குச் சிரிக்க ஆசைதான், வாய் வீங்கியிருந்தது.

டாக்டர் இளம்பெண், கண்டிப்புக்காரி. தலைக்கு மேலிருந்த விளக்கை இழுத்து அவர் முகத்துக்கு நேராக வைத்தாள். தொழில் பழக்கம்.

"சொல்லுங்க சார்."

"உங்க வீட்டுல எல்லாரும் சரின்னுட்டாங்க, டாக்டர். நீங்க ஒருத்தர்தான் பாக்கி. உங்க ஆதரவு இல்லாம நான் இதுல இறங்கறதா இல்ல."

"பட்டாளத்தை விட்டீங்க. கோர்ட்டை விட்டீங்க. இங்க மட்டும் நிலைச்சு நிப்பீங்கன்னு எப்படி நம்பறது?"

குறுக்கு விசாரணையிலேயே பெயர் வாங்கியவர் சாட்சிக் கூண்டில் ஏறியவர் போலப் பதில் சொன்னார்.

"பட்டாளத்தை நான் விடல. முழங்கால்ல குண்டு பாஞ்சுது, வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. கோர்ட்டுல, குடியிருந்த இடத்தை இழந்தவங்களுக்காக வாதாடினேன். 'நியாயம் உங்க பக்கம், சட்டம் அந்தப் பக்கம்'னுட்டார் ஜட்ஜ். அதான் சட்டத்தை மாத்தற இடத்துக்குப் போனேன்."

"மாத்தினீங்களா?"

"பாதி. மீதிக்கு இன்னும் கத்திக்கிட்டிருக்கேன்."

அவள் சிரிக்கவில்லை. "முன்னாடி நாங்க நம்பினவரும் நல்லாத்தான் பேசினார். பாதியில சொல்லாமக் கொள்ளாம வேற பக்கம் போயிட்டார். கஷ்டப்பட்டது நாங்கதானே?"

"தெரியும். அவர் மாதிரி எனக்குப் பேச வராது."

"வக்கீல், அதுலயும் அரசியல்வாதி. பேச வராதா?"

"உங்க முன்னாடி வரல."

மேஜர் சிரமப்பட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "நாளைக்கே பதவி போகலாம். இந்தக் கால் இன்னும் மோசமாகலாம். அப்பவும் இங்கதான் இருப்பேன். நீங்களா போன்னு சொன்னாத்தான் போவேன்."

டாக்டர் விளக்கை அணைத்தாள். பிறகு கையுறைகளைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, செல்போனை எடுத்தாள்.

"அம்மா, நீ இவரைத் தாராளமாக் கட்டிக்கோ."