தென்னை நின்ற இடம்

தென்னை விழுந்துவிட்டது.

அடுக்களை ஓட்டில் ஒரு கீற்றுகூடப் படவில்லை. மரம் வெட்டுகிற ராசையன் கயிற்றைச் சுருட்டினான். கருப்பட்டிக் காப்பியைக் குடித்துவிட்டுப் போனான்.

இருபது வருடமாகக் கேட்டு அலுத்திருந்தாள் அவள். காற்றடிக்கும்போதெல்லாம் அந்த மரம் அடுக்களையின் மேல் சாய்ந்து சாய்ந்து நிமிரும். வெட்டிவிடலாம் என்றால் புருஷனிடமிருந்து ஒரே வார்த்தை.

"நிக்கட்டும்."

காரணம் சொன்னதில்லை. அதனால்தான் அவர் கடலுக்குப் போன நாளாகப் பார்த்து ஆளைக் கூப்பிட்டாள்.

மட்டைகளைக் காயப் போட மொட்டை மாடிக்கு ஏறினாள். ஏறியவள் கடலைப் பார்த்தாள்.

ஒரே ஒரு வள்ளம். மற்றவர்கள் சாளை மீன் படுகிறது என்று தூரக் கிழக்கே போயிருந்தார்கள். தனியாகத் தெரிந்த அந்த நீலப் பொட்டு அவள் வீட்டு வள்ளம்.

அது கொஞ்சம் கிழக்கே வந்தது. நின்றது. மேற்கே போனது. மறுபடியும் வந்தது.

வலை போடப் போகிறவன் இப்படி அலைய மாட்டான்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

தென்னை நின்ற இடத்தில் வெறும் ஆகாசம். அதற்கு நேர் பின்னால், தூரத்தில், மலையின் பிளந்த உச்சி.

'நிக்கட்டும்' என்றதன் காரணம் இப்போது புரிந்தது.

மீன் அடைகிற பாறை கடலுக்கு அடியில் கிடக்கிறது. மேலே பலகையா எழுதி வைத்திருக்கிறது? கரையில் ஒரு மரம், அதன் பின்னால் ஒரு மலை. இரண்டும் ஒரே கோட்டில் வர வேண்டும். இன்னொரு பக்கம் மாதா கோயில் கோபுரமும் ஒரு பனையும் அதேபோல ஒட்டி வர வேண்டும். அங்கே நங்கூரக் கல்லை இறக்கினால் கீழே பாறை. எந்த மரம், எந்த மலை என்று பெண்டாட்டியிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். அவள் அப்பனும் சொல்லாமல்தான் செத்தார்.

ஜி.பி.எஸ். பெட்டியில் குறித்தால் ஊரே குறித்துக்கொள்ளும் என்பார் புருஷன். அக்கம்பக்கம் வள்ளம் இருந்தால் அந்தப் பாறைக்குப் போகவே மாட்டார். இன்றைக்குத்தான் கடல் காலியாக இருந்தது.

செல்போன் கீழே ஆணியில் தொங்கியது. கடலுக்குக் கொண்டுபோகிற பழக்கம் இல்லை.

நேற்றுச் சாயங்காலம் வலையை உதறிக்கொண்டே சொன்னார். "பத்து நாளாச்சு. நாளைக்கும் ஒண்ணும் படலேன்னா வள்ளத்தைக் குடுத்துரலாம்ட்டி. எனக்குக் கண்ணு போச்சுன்னு சொல்லுதானுவ. செரியாத்தான் இருக்கும்."

இப்போது அந்த மனுஷன் மரத்தைச் சந்தேகப்பட மாட்டார். தன் கண்ணைத்தான் சந்தேகப்படுவார்.

அவள் படியிறங்கி ஓடினாள். துணிப் பெட்டியைத் திறந்தாள்.

அடியில் ஒரு ஆரஞ்சுச் சேலை கிடந்தது. மூன்று வருடம் முன்பு திருநாளுக்கு அவர் வாங்கி வந்தது. கண்ணைக் கூசுகிற நிறம். "இதைக் கெட்டிட்டுப் போனா, கொடியேத்தியாச்சுன்னு நெனச்சு ஆளுவ முட்டுக்குத்திக் கும்பிடும்" என்று அவள் அன்றைக்குச் சொன்னாள். அவர் முகம் சுருங்கிப்போனது. அதற்குப் பிறகு சேலையின் மடிப்பு பிரியவே இல்லை.

தேங்காய் பறிக்கிற நீளக் கம்பில் முந்தானையை முடிந்தாள். மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். கைப்பிடிச் சுவரில் வயிற்றை அழுத்திச் சாய்ந்து, வெட்டுப்பட்ட அடிமரத்துக்கு நேர் மேலே கம்பை நீட்டிப் பிடித்தாள்.

காற்று சேலையை விரித்தது.

பக்கத்து மாடியில் வத்தல் காயப் போட்டுக்கொண்டிருந்த பிலோமி நிமிர்ந்தாள்.

"என்ன மைனி, திருநாளுக்கு இன்னும் மூணு மாசம் கெடக்கே. இப்பமே கொடியேத்தமா?"

"சேலை காயப் போடுதேன்."

"மடிப்புக் கலையாத சேலையையா?"

"ஒன் வத்தலு காஞ்சா ஒனக்குப் போதாதா?"

வள்ளம் மேற்கே போய்க்கொண்டிருந்தது.

ஐஸ் பெட்டி சுமந்து காய்த்த தோள். அதற்கும் பாரம் தாங்கவில்லை. கம்பு ஒரு முழம் விலகியது. பல்லைக் கடித்துத் திரும்ப இழுத்தாள்.

வள்ளம் நின்றது.

மெல்லத் திரும்பியது. தயங்கித் தயங்கிக் கிழக்கே வந்தது. பிறகு தெற்கே கொஞ்சம்.

நின்றது.

கல் விழுவது இங்கிருந்து தெரியாது. ஆனால் வள்ளம் அதற்குப் பிறகு நகரவில்லை.

நூறு எண்ணினாள். சட்டென்று கம்பை இறக்கினாள். சாளைக்குப் போனவர்கள் திரும்புகிற நேரம். கொடியையும் வள்ளத்தையும் ஒருவன் சேர்த்துப் பார்த்தால் போதும், பாறை ஊருக்குச் சொந்தம்.

சாயங்காலம் அவர் வந்தார். துடுப்பில், பாறையில் அடைகிற கலவா மீன்கள் நாலு தொங்கின. பெரியதின் வால் மணலில் இழுபட்டது.

அடிமரத்தின் அருகே நின்றார். வெகுநேரம் பார்த்தார். காலால் ஒருமுறை தட்டினார்.

அவள் வாசலில் நின்றாள். சொல்வதற்கு எவ்வளவோ யோசித்து வைத்திருந்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பிலோமியின் தலை எட்டிப் பார்த்தது.

"அண்ணே, ஒங்க பொண்டாட்டி இன்னைக்குக் காஞ்ச சேலையைக் கம்புல கெட்டிக் காயப் போட்டா. தலைக்கு நல்லெண்ணெ வச்சுக் குளிக்கச் சொல்லுங்க."

அவர் துணிக்கொடியைப் பார்த்தார். லுங்கிக்கும் துண்டுக்கும் நடுவே அந்த ஆரஞ்சு.

"ஈரம் இருந்திருக்கும்" என்றார்.

பிலோமி சிரித்துக்கொண்டு உள்ளே போனாள்.

மீனை அவள் காலடியில் இறக்கினார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அது லேசுல காயாது. நாளைக்கும் போடு."

துண்டை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.

அவள் சேலையைக் கொடியிலிருந்து உருவினாள். வாளித் தண்ணீரில் முக்கி எடுத்தாள்.